மலையக வீட்டுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

சித்தப்பா இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கம் கிடைத்த 7 பேர்ச் காணியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். சுவர் இடுப்பளவு ஏறியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். மேசன் பாஸ் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, "படுக்குற அறைக்கு ஜன்னல் எவ்வளவு பெருசு வைக்கிறது?" என்று கேட்டார். சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "சின்னதாவே வைப்பமே தம்பி. பெருசா வச்சா குளிரு தாங்காது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மார்கழி, தை மாதத்து இரவுகளைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், கழித்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஜன்னலின் அளவைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த அறையில் எத்தனை பேர் படுப்பார்கள்? அங்கே ஏதாவது எரியுமா? ஈரத்துணி காயுமா? உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகும்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் அளவு தானாக வந்துவிடும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் போதும். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன். நான் பிறந்து வளர்ந்த காம்பராவிலிருந்தே, அதாவது எங்கள் லய அறையிலிருந்தே, தொடங்குகிறேன்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி. மலையகத்தில் பெரும்பாலான லயக் காம்பராக்களின் அளவு அதுதான். முன்னால் ஓர் இஸ்தோப்பு (சிறு வராந்தா), மேலே தகரம். எங்களுடையது இரட்டை லயம், அதாவது முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள். எங்கள் பின்சுவர் அந்தப் பக்கத்து வீட்டாருக்கும் பின்சுவர். வெளிக்காற்றைத் தொடும் சுவர் எங்களுக்கு ஒன்றே ஒன்று. அதில் ஒரு கதவு, ஒரு சிறிய ஜன்னல். பொழுது சாய்ந்ததும் அம்மாயி அந்த ஜன்னலை மூடி, இடுக்கில் உரச்சாக்கை மடித்துத் திணிப்பார். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்துகளிலும் துணி, பேப்பர் என்று ஏதாவது அடைத்திருக்கும். ஐந்து பேர் வரிசையாகப் படுப்போம். விடியற்காலையில் தகரத்தின் அடிப்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். ஆணி அடித்த இடங்களில் அது திரண்டு, ஒவ்வொரு சொட்டாகக் கம்பளி மேல் விழும். மழை ஒழுகுகிறது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வானம் வெளுத்திருந்த நாளிலும் ஏன் ஒழுகுகிறது என்று யோசித்ததே இல்லை.

அது எங்கள் மூச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். அந்தக் காம்பராவின் சராசரி உயரம் எட்டடி என்று வைத்தால் உள்ளே இருக்கும் காற்று 960 கன அடி, ஏறத்தாழ 27 கன மீட்டர். தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 13 லீட்டர் காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறார். விழித்து உட்கார்ந்திருந்தால் 18 லீட்டர் வரை போகும். ஐந்து பேர் தூங்கினால் மணிக்கு 65 லீட்டர். வெளிக்காற்றில் இப்போது பத்து லட்சம் பங்குக்கு சுமார் 420 பங்கு காபனீரொட்சைட்டு இருக்கிறது. இதைத்தான் 420 பிபிஎம் என்கிறோம்.

உள்ளே எவ்வளவு இருக்கலாம்? 1858ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் மேக்ஸ் ஃபொன் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் ஓர் எல்லை சொன்னார்: 1000 பிபிஎம். காபனீரொட்சைட்டு அந்த அளவில் நஞ்சு என்பதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. ஓர் அறையில் காபனீரொட்சைட்டு எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அதே அளவுக்கு அடுத்தவர் விட்ட மூச்சும் வியர்வையும் அங்கே தேங்கியிருக்கும் என்பதுதான் அவர் கண்டது. அளக்க எளிதான ஒன்றை வைத்து அளக்கக் கடினமான மற்றவற்றைக் கணிக்கும் வழி அது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் உலகம் முழுக்க அதே எண்ணைத்தான் சுற்றி வருகிறார்கள்.

கணக்கு இதுதான்: உள்ளே உண்டாகும் அளவை, உள்ளேயும் வெளியேயும் நாம் அனுமதிக்கும் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். வித்தியாசம் 1000 கழித்தல் 420, அதாவது 580 பிபிஎம். 65 லீட்டரை 0.00058ஆல் வகுத்தால் 1,12,000 லீட்டர், அதாவது மணிக்கு 112 கன மீட்டர் புதுக்காற்று. 27 கன மீட்டர் காம்பராவில் அது மணிக்கு நாலு தடவை காற்று முழுக்க மாறுவதற்குச் சமம்.

சாக்குத் திணித்த எங்கள் காம்பராவில் எத்தனை தடவை மாறியிருக்கும்? தாராளமாகவே மணிக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் படுத்த மூன்று மணி நேரத்துக்குள் காபனீரொட்சைட்டு 2700ஐத் தொட்டுவிடும். காலையில் எழுந்ததும் தலை கனத்ததை நாங்கள் "பனி" என்று சொல்லிக்கொண்டோம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் காற்றோட்டம் எவ்வளவு என்று தேடினால் "மணிக்கு 0.35 தடவை காற்று மாறினால் போதும்" என்ற எண் பல இடங்களில் அகப்படும். அமெரிக்கப் பொறியியலாளர் சங்கமான ஆஷ்ரே ஒரு காலத்தில் வைத்திருந்த அளவு அது. அந்த எண்ணை எங்கள் காம்பராவுக்குப் போட்டால் மணிக்கு ஒன்பதரை கன மீட்டர் வரும். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு கன மீட்டர்கூட இல்லை. எண்ணில் பிழை இல்லை. ஆளுக்கு ஓர் அறை, பெரிய வரவேற்பறை என்று இருக்கும் வீட்டுக்காகச் செய்த எண் அது. ஆளுக்கு இத்தனைக்குக் குறையக் கூடாது என்று அதே விதியில் இன்னொரு வரியும் இருந்தது. அந்த வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் எடுத்து வருகிறார்கள். நம்முடையது போன்ற நெருக்கமான வீடுகளில் அறையின் அளவை வைத்துக் காற்றைக் கணக்கிடவே கூடாது. தலைகளை எண்ணித்தான் கணக்கிட வேண்டும்.

ஆஷ்ரே இப்போது வீடுகளுக்குச் சொல்லும் முறை இதை நன்றாகவே செய்கிறது: 100 சதுர அடித் தரைக்கு நிமிடத்துக்கு 3 கன அடி, அதோடு ஆளுக்கு 7.5 கன அடி. எங்கள் காம்பராவுக்கு 120 சதுர அடிக்கு 3.6, ஐந்து பேருக்கு 37.5, மொத்தம் நிமிடத்துக்கு 41 கன அடி. மணிக்கு 70 கன மீட்டர். இது குறைந்தபட்சம். பள்ளிக்கூடம், அலுவலகம் போன்ற இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது ஆளுக்கு வினாடிக்கு 10 லீட்டர். நான் 112ஐ வைத்துக்கொண்டே போகிறேன்.

இனி மலையகத்துக்கே உரிய ஒரு திருத்தம். சமவெளிக்கு எழுதிய புத்தகங்களில் இது இருக்காது. மேலே போகப் போகக் காற்று மெலியும் என்று பள்ளியில் படித்திருப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். ஆனால் மனிதன் மலை ஏறியதற்காகக் குறைவாக மூச்சு விடுவதில்லை. அதே நிறை காபனீரொட்சைட்டைத்தான் அங்கேயும் வெளியே விடுகிறான். மெலிந்த காற்றில் அது அதிக இடம் பிடிக்கிறது. ஆக அதே 1000 பிபிஎம்முக்குள் வைக்க நுவரெலியாவில் கால்பங்கு கூடுதல் காற்று வேண்டும். தலவாக்கலை சுமார் 1200 மீட்டர் உயரம், அங்கே ஆறில் ஒரு பங்கு கூடுதல். 112 என்பது 130 ஆகிறது. கண்டி 500 மீட்டர் அளவில் இருப்பதால் அங்கே இதைப் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. இப்போது காபனீரொட்சைட்டு மீட்டர்கள் கையடக்கமாகக் கிடைக்கின்றன. வகுப்புகளில் வைக்க யாராவது வாங்கினால், உயரத்தைப் பதிவுசெய்யும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கடல் மட்டத்துக்குச் சரிசெய்த மீட்டர் நுவரெலியாவில் உண்மையை விடக் குறைவாகவே காட்டும். பிரச்சினை இல்லை என்று நம்மை நம்ப வைத்துவிடும்.

அடுத்த கேள்வி: மணிக்கு 130 கன மீட்டர் வேண்டும், சரி, அது எப்படி வரும்? மின்விசிறி இல்லாமல் காற்றை நகர்த்த இரண்டு சக்திகள்தான் இருக்கின்றன. ஒன்று வெளியே வீசும் காற்று. மற்றது உள்ளே இருக்கும் வெப்பம்.

வீசும் காற்றை முதலில் எடுப்போம். இரண்டடிக்கு மூன்றடி ஜன்னல் ஒன்று, முழுக்கத் திறந்திருக்கிறது. வெளியே வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று அசைகிறது. இலைகூட ஆடாத இரவு என்று வைத்துக்கொள்ளலாம். அறைக்கு எதிர்ப்புறத்திலும் அதே அளவு திறப்பு இருந்தால் காற்றின் வேகத்தையும் திறப்பின் பரப்பையும் பெருக்கி, வந்ததை 0.65ஆல் பெருக்க வேண்டும். வினாடிக்குச் சுமார் 180 லீட்டர் வரும். ஒரே பக்கம் மட்டும் திறப்பு இருந்தால் 0.65க்குப் பதிலாக 0.05. வருவது வினாடிக்கு 14 லீட்டர். ஜன்னல் அதேதான், காற்றும் அதேதான், ஆனால் பதின்மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. கொசுவலை அடித்தால் அதிலும் ஏறத்தாழப் பாதி.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இரட்டை லயத்தின் அமைப்பு எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்கு உறைத்தது. ஒரு சுவரை மிச்சப்படுத்த முதுகோடு முதுகாகக் கட்டினார்கள். அந்த ஒரு சுவரோடு காற்று வெளியே போகும் வழியும் போய்விட்டது. அம்மாயி ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாலும் எங்கள் ஐந்து பேருக்குப் போதுமான காற்று வந்திருக்காது. தோட்டத்து மக்கள் காற்றோட்டத்தின் அருமை தெரியாதவர்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே பாஸ் கேட்ட கேள்விக்கு முதல் பதில்: ஜன்னலின் அளவை அப்புறம் பார்க்கலாம், முதலில் எதிர்ச்சுவரில் ஒரு திறப்பு. எதிர்ச்சுவர் இன்னோர் அறைக்குப் போகிறது என்றால் கதவுக்கு மேலே காற்றுத் துவாரம் விட்டு அந்த அறை வழியாகவாவது வெளியே போக வைக்க வேண்டும்.

ஆனால் காற்றே வீசாத இரவு? அப்போது உள்ளே இருக்கும் வெப்பம் வேலை செய்யும். சூடான காற்று மேலே ஏறும், மேலே துவாரம் இருந்தால் வெளியேறும், அந்த இடத்தைப் பிடிக்கக் கீழே இருக்கும் துவாரத்தால் குளிர்ந்த காற்று நுழையும். இரண்டு துவாரத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் உயர வித்தியாசம், உள்ளே வெளியை விட 4 பாகை செல்சியஸ் சூடு, மேலே ஒரு சதுர அடி, கீழே ஒரு சதுர அடி. இந்த அளவுகளுக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 105 கன மீட்டர் வருகிறது. ஐந்து பேருக்குத் தேவையான 130க்கு ஓர் அடி அகலம், பதினைந்து அங்குல உயரம் வேண்டும், மேலே ஒன்று, கீழே ஒன்று. சித்தப்பா வீட்டுப் படுக்கையறையில் மூன்று பேர்தான் படுக்கப் போகிறார்கள். அதற்கு ஒன்பது அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் போதும். கதவுக்கு அடியில் ஓர் அங்குல இடைவெளி விட்டால் போதாதா என்று கேட்பீர்கள். இரண்டரை அடிக் கதவுக்கு அது 30 சதுர அங்குலம். தேவை 108. மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

"இரவெல்லாம் ஓட்டையைத் திறந்து வச்சா குளிரில சாக வேண்டியதுதான்" என்றார் சித்தப்பா. நியாயமான பயம்தான். அதையும் கணக்கிட்டேன். மணிக்கு 130 கன மீட்டர் காற்று 4 பாகை வெப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனால் இழப்பது சுமார் 150 வாட்ஸ். அதே அறையின் வெறும் தகரக் கூரை வழியாக, காற்றே போகாமல், இழப்பது சுமார் 300 வாட்ஸ். குளிர் ஜன்னலால் வருவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் முகத்தில் படுவது ஜன்னல் காற்று. வெப்பத்தை இரண்டு மடங்காக உறிஞ்சிக்கொண்டு போவது தலைக்கு மேலே சத்தமில்லாமல் கிடக்கும் தகரம். சாக்கை ஜன்னலில் திணித்ததற்குப் பதிலாகத் தகரத்துக்கு அடியில் ஒரு சீலிங் அடித்திருந்தால், துவாரங்களைத் திறந்தே வைத்து, இன்னும் கதகதப்பாகவும் இருந்திருக்கலாம். வீடு கட்டுகிற எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: தரைக்கு டைல்ஸ் போடும் காசில் முதலில் சீலிங்கைப் போடுங்கள்.

தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீருக்கு வருகிறேன். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை ஆவியாக விடுகிறார். ஐந்து பேருக்கு 200 கிராம். வெளியே 14 பாகை, மூடுபனி. அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 11.5 கிராம் நீராவி ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே 18 பாகைக் காற்று தாங்கக்கூடியது 15.4 கிராம்தான். ஆக வெளியேறும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் அதிகபட்சம் 3.9 கிராமைச் சுமந்து போகலாம். மணிக்கு 27 கன மீட்டர் மட்டும் மாறும் அடைத்த காம்பராவில் 105 கிராம் போகும், மீதி 95 கிராம் உள்ளேயே தங்கும். எட்டு மணி நேரத்தில் முக்கால் லீட்டர் தண்ணீர். தகரத்திலும் சுவரிலும் கம்பளியிலும் படிந்தது அதுதான்.

மணிக்கு 130 கன மீட்டர் மாறினால் ஈரப்பதன் 85 சதவீதத்தில் நிற்கும், சொட்டுவது பெரும்பாலும் குறையும். ஆனால் 85 என்பதும் அதிகம்தான். சுவரை ஒட்டி நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேலே இருந்தாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். மூடுபனிக் காலத்தில் எவ்வளவு காற்று விட்டாலும் அது மட்டும் ஈரத்தை விரட்டாது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கொழுந்து வாட்டும் தொட்டியில் விசிறி எவ்வளவு ஓடினாலும், மழை நாளில் வெறும் காற்று விட்டால் கொழுந்து வாடாது. ஈரமான குமிழ், உலர்ந்த குமிழ் என்று இரண்டு வெப்பமானிகளையும் பார்த்து, வித்தியாசம் போதவில்லை என்றால், அதாவது காற்று ஈரமாக இருந்தால், சூடான காற்றைக் கலந்து விடுவார்கள். வீட்டுக்கும் அதே விதிதான். கொஞ்சம் கதகதப்பும் வேண்டும், காற்றும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பயனில்லை.

அதனால் எப்போது திறப்பது என்பதும் முக்கியம். வெயில் அடிக்கும் பகலில் வெளிக்காற்று சூடேறி உலர்ந்திருக்கும்போது எல்லாவற்றையும் விரியத் திறந்து, மெத்தையையும் கம்பளியையும் காய விட்டால், சுவர் உள்வாங்கிய ஈரம் வெளியே வரும். இதற்கு ஒரே நாட்காட்டியை எல்லோரும் பின்பற்ற முடியாது. வைகாசி தொடங்கி ஆவணி வரை ஹட்டன், தலவாக்கலை பக்கம் தென்மேல் பருவமழையில் நனைந்து கிடக்கும். அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். மார்கழி, தையில் ஊவாப் பக்கம் மழை. ஈரத்துணியை உள்ளே கொடியில் போடுகிறவர்கள், ஒரு வாளித் துணி காயும்போது இரண்டு லீட்டர் தண்ணீரைக் காற்றில் விடுகிறது என்பதை நினைவில் வைத்தால் இஸ்தோப்பிலேயே காயப் போடுவார்கள்.

இவ்வளவு நேரம் சொன்ன கணக்கெல்லாம் மூச்சுக்கும் ஈரத்துக்கும். விறகுப் புகைக்கு இந்தக் கணக்கு உதவாது. ஏன் என்று பாருங்கள். ஒரு கிலோ விறகு திறந்த அடுப்பில் எரிந்தால் சில கிராம் நுண்துகள் வரும். நான் குறைத்து, மணிக்கு ஒரே ஒரு கிராம் என்று வைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன ஆண்டு எல்லை கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதை எட்ட முடியாத நாடுகளுக்கு வைத்த படிகளில் மிகத் தளர்வானது 35. அந்த 35க்குள் ஒரு கிராம் புகையைக் கரைக்க மணிக்கு 28,500 கன மீட்டர் காற்று தேவை. எங்கள் காம்பராவில் மணிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் காற்று மாற வேண்டும். சமைப்பது நாலு மணி நேரம்தானே என்று ஆறில் ஒரு பங்காக்கினாலும் 170 தடவைக்கு மேல். அப்படி வீசினால் அடுப்பே அணைந்துவிடும்.

புகையைக் கரைக்க முடியாது. பிறக்கும் இடத்திலேயே பிடித்து வெளியே அனுப்பத்தான் முடியும். அடுப்புக்கு நேர்மேலே புகையைப் பிடிக்கும் கவிந்த மூடி வைத்த புகைக்கூடுதான் ஒரே வழி. ஆறு அங்குலக் குழாய், மூன்று மீட்டர் உயரம், கூரை முகட்டைத் தாண்டி வெளியே போக வேண்டும். உள்ளே சூடு ஏறிய பிறகு அது மணிக்கு நூறு கன மீட்டருக்கு மேல் தானாகவே இழுக்கும். புகையோடு சேர்த்துச் சமையலறையின் பழைய காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அது இழுக்க வேண்டுமானால் கீழே காற்று நுழைய வழி இருக்க வேண்டும். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு "புகைக்கூடு வேலை செய்யல்ல" என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அனகி என்ற மண் அடுப்பு நல்லது, விறகு மிச்சம், புகையும் குறைவு. ஆனால் அதற்கும் புகைக்கூடு தேவை. அம்மாயியின் காம்பராவில் தகரம் கன்னங்கரேலென்று இருக்கும், விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அவர் ஐம்பது வயதிலிருந்தே இழுத்து இழுத்து மூச்சு விட்டார். புகை பிடித்ததே இல்லை.

இதைவிட அவசரமானது ஒன்று. குளிருக்குத் தணலை ஒரு சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நுவரெலியாவுக்குச் சுற்றுலா வருகிறவர்களும் கரி அடுப்பை அறைக்குள் எடுத்து வைக்கிறார்கள். புகை இல்லையே என்று தைரியம். தணலில் புகைதான் இல்லை, காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற வேறொரு நச்சு வாயு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. தலைவலி, மயக்கம், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. இதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட வேண்டாம். படுக்கும் அறைக்குள் தணல் வரவே கூடாது. குளியலறைக்குள் பொருத்திய கேஸ் கீசரும் அதே ஆபத்துதான், அதை வெளிச்சுவரில் வைக்க வேண்டும்.

டியூஷன் வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. இருபதுக்குப் பதினைந்தடி அறை, நாற்பது பிள்ளைகள், மழை என்று ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 130 பிபிஎம் ஏறும். பத்தே நிமிடத்தில் 1700ஐத் தாண்டும். முதல் பாடக் குறிப்பு எழுதி முடிக்கும் முன்னால் பின்வரிசையில் கொட்டாவி. பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று திட்டுவதற்கு முன் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை ஒரு சாணளவாவது திறந்து வையுங்கள். வெளியேற்றும் மின்விசிறி பொருத்தினால் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு முழுக்கக் கிடைக்காது. குழாயும் வலையும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், உள்ளே வர வழி இல்லையென்றால் விசிறி சும்மா சத்தம்தான் போடும்.

மீட்டர் இருந்தால் வீட்டின் காற்றோட்டத்தை நீங்களே அளக்கலாம். காலையில் எல்லோரும் எழுந்து வெளியே போனதும் அறையை இரவில் இருந்தபடியே மூடி, மீட்டரை உள்ளே விடுங்கள். வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதலாக இருந்ததோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக (நூற்றுக்கு 37) மட்டும் மிஞ்சும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஆனால் காற்று மணிக்கு ஒரு தடவை மாறுகிறது. இருபது நிமிடம் என்றால் மூன்று தடவை. மீட்டர் இல்லையா, விடியற்காலையில் வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு மறுபடி அறைக்குள் நுழைந்து பாருங்கள். உள்ளேயே இருந்த மூக்குக்குத் தெரியாத புழுக்கம் வெளியே இருந்து வரும் மூக்குக்குப் பளிச்சென்று தெரியும்.

சித்தப்பா வீட்டுப் படுக்கையறையில் கடைசியில் இரண்டடிக்கு மூன்றடி ஜன்னல் ஒன்றும், எதிர்ச்சுவரில் கூரைக்குக் கீழே ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலத் துவாரமும், ஜன்னலுக்கு அடியில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அதே அளவில் இன்னொன்றும் வைத்தோம். மழைச்சாரல் அடிக்காமல் இருக்கத் துவாரங்களுக்கு வெளிப்புறம் சாய்ந்த மூடி, உள்ளே எலி வராமல் கம்பி வலை. வலை பிடிக்கும் இடத்துக்காகப் பாஸ் ஓர் அங்குலம் கூட்டியே வெட்டினார். சீலிங்குக்குக் காசு இன்னும் சேரவில்லை. தீபாவளி முற்பணம் வந்ததும் அடிப்பதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். குடிபோன அன்று இரவு அவர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கீழ்த் துவாரத்தருகே பிடித்தார். புகை கோடு போல அறைக்குள் சாய்ந்தது. நாற்காலியில் ஏறி மேல் துவாரத்தருகே பிடித்தார். அது வெளியே போனது. இறங்கி வந்து மறுபடி கீழே பிடித்துப் பார்த்தார்.